நாற்பது நிமிடம் முன்னால்: எதிர்காலம் தெரிந்தவளை வைத்துத் திருகோணமலையில் ஒரு கலகலப்பான திரில்லர் எழுதுவது எப்படி

எதிர்காலம் தெரிந்த ஒருத்தியை வைத்து நாவல் எழுதப் போகிறேன் என்று சொல்கிறவர்களிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, அப்படியென்றால் அவள் ஏன் லொத்தர் சீட்டு எடுக்கவில்லை? கேட்டால் சிரிப்பார்கள். ஆனால் வாசிக்கிறவரும் பத்தாம் பக்கத்துக்குள் இதையேதான் கேட்கப் போகிறார். பதில் இல்லையென்றால் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தேத்தண்ணி போடப் போய்விடுவார், திரும்பி வருவார் என்று நம்ப வேண்டாம்.

இது முதல் நாவல் எழுத உட்காருகிறவர்களுக்கு. பக்கம் தானாகத் திரும்ப வேண்டும், நடுநடுவே சிரிப்பு வர வேண்டும், இரத்தம் வேண்டாம், அப்படிப்பட்ட ஒரு திரில்லர். களம் திருகோணமலை. வெறும் விதிகளாகச் சொன்னால் மண்டையில் நிற்காது என்பதால் உதாரணத்துக்கு ஒரு கதையையே கூடக் கட்டிக்கொண்டு போகிறேன். பிடித்தால் எடுத்துக்கொள்ளுங்கள், ஆளை மாற்றுங்கள், ஊரை மாற்றுங்கள், எனக்கு ஆட்சேபனை இல்லை.

கீழே சொல்லும் எல்லாமே ஒரு சட்டத்தில்தான் தொங்குகிறது. அவள் பார்க்கும் காட்சி ஒருநாளும் பொய்க்கக் கூடாது, அதற்கு அவள் கொடுக்கும் அர்த்தம் தாராளமாகப் பொய்க்கலாம். காட்சியே பிழைத்துப்போனால் வாசகர் ஏமாற்றப்பட்டதாக நினைப்பார். அர்த்தம் பிழைத்தால், அட, எனக்கும் படவில்லையே என்று தன்னையே நொந்துகொள்வார். இந்த இரண்டாவது கோபத்துக்காகத்தான் மக்கள் இந்த மாதிரி நாவலைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள்.

முதல் வேலை: சக்திக்கு எல்லை போடுவது

புதிதாக எழுதுகிறவர்கள் சக்தியை எவ்வளவு பெரிதாக்கலாம் என்று யோசிப்பார்கள். எல்லாம் தெரிந்தவளுக்குப் பயமும் வராது, அசடும் வழியாது. ஆக, குறைத்துக்கொண்டே போங்கள்.

நம்முடைய ஆள் யசோ. 29 வயது. கச்சேரிக்கு, அதாவது மாவட்டச் செயலகத்துக்கு, கிட்ட ஒரு போட்டோக்கொப்பிக் கடையில் நிற்கிறாள். மெஷினுக்கு டோனர் மாற்றும்போது அந்தக் கறுப்புத் தூள் மூக்கில் ஏறினால் தும்மல் வரும், தும்மினால் ஏழு விநாடிக்கு ஒரு காட்சி வரும். 40 நிமிடம் கழித்து அவளுடைய கண் எதைப் பார்க்கப் போகிறதோ அது மட்டும். சத்தம் கிடையாது.

இதில் ஒவ்வொன்றும் ஏன் என்று பாருங்கள். 40 நிமிடம் என்பதால் லொத்தர் பிரச்சினை முடிந்தது, ஏனென்றால் இலக்கம் விழுவதற்கு வெகுநேரம் முந்தியே சீட்டு விற்பனை முடிந்துவிடும், இவள் இலக்கத்தைப் பார்க்கிற நேரத்தில் சீட்டு விற்கிற அண்ணை வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். அதை ஒரு சின்னப் பகிடியாக முதல் அத்தியாயத்திலேயே வையுங்கள், அவளே ஒருதரம் முயன்று பார்த்துத் தோற்கட்டும். தன் கண்ணால் பார்க்கப் போவதை மட்டும் என்பதால் வில்லனின் வீட்டுக்குள் எட்டிப் பார்க்க முடியாது. சத்தம் இல்லை என்பதுதான் பொன்முட்டை. ஒருவர் வாயைத் திறந்து கையை உயர்த்துவதை மட்டும் பார்த்தால் அவர் அடிக்க வருகிறாரா, பஸ்ஸை மறிக்கிறாரா, கொட்டாவி விடுகிறாரா? ஒரு அத்தியாயத்துக்கு அது போதும்.

தும்மல் அவளுடைய தொழிலிலிருந்தே வருகிறது என்பதையும் கவனியுங்கள். மின்னல் தாக்கி, சித்தர் தொட்டு, மரத்திலிருந்து விழுந்து வந்த சக்திகளுக்கு விளக்கம் எழுதியே இரண்டு அத்தியாயம் போய்விடும். தும்மலுக்கு நம் ஆட்களிடம் விளக்கமே தேவையில்லை. யாரோ நினைக்கிறார்கள் என்று திருக்குறள் காலத்திலிருந்தே சொல்லி வருகிறோம், வெளிக்கிடும்போது ஒற்றைத் தும்மல் தும்மினால் இன்றைக்கும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்கிற வீடுகள் இருக்கின்றன.

தும்மல் வேண்டாமென்றால் வேறு வழிகளும் இருக்கின்றன. பல்லி இருக்கிறது, வெற்றிலையில் மை போட்டுப் பார்ப்பது இருக்கிறது. சங்க காலத்து விரிச்சி, அதாவது தற்செயலாகக் காதில் விழும் பேச்சைக் குறியாக எடுப்பது, எனக்கு இன்னும் பிடிக்கும். முல்லைப்பாட்டில் முதிய பெண்கள் நெல்லும் பூவும் தூவி நின்று, யாரோ ஒரு இடைப்பெண் கன்றுக்குட்டியிடம் உன் தாய்மார் இப்போது வந்துவிடுவார்கள் என்று சொல்வதைக் கேட்டு, போருக்குப் போன தலைவன் வருவான் என்று வந்து சொல்வார்கள். அதைத் திருகோணமலை பஸ் நிலையத்தில் வைத்துப் பாருங்கள். காதில் விழுகிற முதல் பேச்சு பலிக்கும் என்றால், அந்த முதல் பேச்சு ஒரு நடத்துநருக்கும் மிச்சக்காசு கேட்கும் ஆச்சிக்கும் நடக்கும் சண்டையாக இருந்தால் என்ன செய்வது? இதுவே இன்னொரு நாவல். சரி, நாம் தும்மலோடு போவோம்.

எல்லை போட்ட கையோடு வரைபடத்தையும் எடுங்கள். கடையிலிருந்து 40 நிமிடத்தில் எங்கே போய்ச் சேரலாம்? கோணேசர் மலை, உப்புவெளி, கன்னியா வெந்நீர்க் கிணறுகள், ஓட்டோக்காரர் மனது வைத்தால் நிலாவெளி. மூதூருக்கு நேரம் காணாது, அதனால் கடையில் நின்று தும்முகிறவள் மூதூரைப் பார்க்கவே கூடாது. நேர எல்லை எதுவோ அதுதான் உங்கள் கதையின் நில எல்லை. இதை முதலிலேயே செய்துவைத்தால், பின்னால் ஒரு துரத்தல் காட்சியில் நாயகி பறந்து போனாளா என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

பார்த்ததை மாற்ற முடியுமா?

இதை முடிவெடுக்காமல் எழுதத் தொடங்கினால் பாதியில் கட்டாயம் மாட்டிக்கொள்வீர்கள். மாற்றலாம் என்றால் ஒருவிதக் கதை, மாற்றவே முடியாது என்றால் வேறு கதை, மாற்றப் போனதாலேயே அது நடந்தது என்றால் மூன்றாவது கதை. முதலாவதுக்கும் மூன்றாவதுக்கும் நம்மிடமே ஆள் இருக்கிறார்கள். தங்கையின் எட்டாவது பிள்ளையால் சாவு என்று கேட்ட கம்சன், அவளையும் கணவனையும் சிறையில் போட்டுப் பிள்ளைகளைக் கொன்று, தன்னைத் தேடி வரப்போகிறவனுக்குத் தானே காரணம் உண்டாக்கிக் கொடுத்தான். சிலப்பதிகாரத்தில் இளங்கோ நேர் எதிர். அரியணையில் இருக்கும் இலக்கணம் தம்பிக்குத்தான் என்று ஒருவன் குறி சொல்ல, அண்ணன் முகம் வாடியதைப் பார்த்து அந்த இடத்திலேயே துறவு பூண்டு, சொன்னதைப் பலிக்கவிடாமல் செய்துவிட்டார். ஒருவன் குறியை அடக்கப் பார்த்து அதற்குள் விழுந்தான், மற்றவர் விலகி நின்று வென்றார்.

கலகலப்பான நாவலுக்கு நான் சொல்வது, மாறாது என்று வைத்துக்கொள்ளுங்கள். மாறும் என்றால் ஒவ்வொரு காட்சிக்கும் வாசகர் நம்பிக்கை குறைந்துகொண்டே போகும், இதுவும் மாறிவிடும்தானே என்று நிம்மதியாகத் தூங்கிவிடுவார். மாறாது என்றால் அவளுக்குக் கையில் இருப்பது அர்த்தம் மட்டும். நடக்கத்தான் போகிறது, ஆனால் நடக்கப்போவது என்ன?

இதற்கு ஊரிலேயே ஒரு சாமான் கிடக்கிறது, எழுதுகிறவர்கள் ஏன் அதிகம் தொடுவதில்லை என்று எனக்கு விளங்குவதில்லை. பிரெட்ரிக் கோட்டை வாசலில் பதித்திருக்கும் பழைய கல்வெட்டு. குளக்கோட்டன் என்ற அரசன் கோணேசர் கோயிலுக்குச் செய்த திருப்பணியைப் பின்னாளில் பறங்கி உடைப்பான், அதற்குப் பிறகு இன்ன இன்ன கண்ணுடையவர்கள் ஆள்வார்கள் என்று வருங்காலம் சொல்லும் பாட்டு. 1620களில் போர்த்துக்கேயர் கோயிலை இடித்துக் கோட்டையைக் கட்டினார்கள், பாட்டு இருக்கும் கல் அந்தக் கோட்டை வாசலிலேயே நிற்கிறது. கல்லில் எழுத்துகள் சிதைந்துபோய்விட்டன, விடுபட்ட இடங்களை வழிவழியாகச் சொல்லிவரும் பாட்டை வைத்துத்தான் நிரப்புகிறோம், அந்தப் பாட்டும் ஆளுக்கு ஒரு பாடமாக இருக்கிறது. எழுத்து விடுபட்ட ஒரு தீர்க்கதரிசனம்! அது நடப்பதற்கு முன் வெட்டியதா, நடந்த பிறகு வெட்டியதா என்று யசோவின் கடைக்கு வருகிற ஒரு ஓய்வுபெற்ற வாத்தியாரைக் கேட்கவையுங்கள். அந்த ஒரு கேள்வியில் நாவலின் உள்விஷயம் முழுக்க வந்துவிடும், நீங்கள் பிரசங்கம் பண்ணத் தேவையில்லை.

காட்சியைக் கடைசியிலிருந்து வெட்டுங்கள்

இதுதான் தொழில்நுட்பம், இங்கே கொஞ்சம் நின்று வேலை செய்யுங்கள்.

காட்சியை முதலில் எழுதிவிட்டு அது எப்படி நிறைவேறும் என்று பின்னால் யோசிப்பவர்கள் மாட்டுவார்கள். நிறைவேறும் இடத்தை முதலில் முழுதாக எழுதுங்கள், ஆட்கள், பேச்சு, காரணம், எல்லாவற்றோடும். பிறகு அதிலிருந்து ஏழு விநாடியை வெட்டி எடுங்கள். சத்தத்தை நீக்குங்கள். காரணத்தை நீக்குங்கள். பெயர்களை நீக்குங்கள். மிஞ்சுவதுதான் காட்சி.

நம் கதையின் முடிவு இது. உப்புவெளிக் கடற்கரையோரம் ஒரு ஆச்சிக்குச் சொந்தமான காணி. 1968ஆம் ஆண்டு தட்டச்சில் அடித்த உறுதி, அதாவது காணிப் பத்திரம், அவரிடம் இருக்கிறது. ஒரு காணிப் புரோக்கர் அதைப் பார்த்துக் கள்ள உறுதி ஒன்று தயாரிக்கிறார். கடைசிக் குழப்பத்தில் இரண்டு உறுதிகளும் யசோவின் கையில் ஒன்றாக வந்து சேருகின்றன, கோட்டைக்குள், மான்கள் நடமாடும் இடத்தில். எது அசல் என்று தெரியவில்லை. தண்ணீர்ப் போத்தல் தட்டுப்பட்டு இரண்டும் நனைகின்றன. ஒன்றில் எழுத்து அப்படியே நிற்கிறது, மற்றதில் கரைந்து ஒழுகுகிறது. ஒழுகுகிறதை அவளே ஒரு மானிடம் நீட்டுகிறாள்.

இதிலிருந்து வெட்டிய ஏழு விநாடி நாவலில் இப்படி இருக்கலாம்:

“நனைந்த தாள். மேலே உறுதி என்ற எழுத்து. ஓரத்தில் பல் பட்ட கிழிசல். மானின் வாய் அசைகிறது. கறுப்பு எழுத்துகள் நீலமாகக் கரைந்து தாளின் அடிவரைக்கும் இறங்குகின்றன. மறுமுனையை ஒரு கை பிடித்திருக்கிறது. பெருவிரல் நகத்தில் கறுப்பு.”

யசோ என்ன நினைப்பாள்? ஆச்சி அன்றைக்குக் காலையில்தான் உறுதியைச் சுவாமியின் பாதத்தில் வைத்து எடுக்கப் போகிறேன் என்று சேலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு கோட்டைக்குள் இருக்கும் கோணேசர் கோயிலுக்குப் போயிருக்கிறார். அப்படியானால் மான் தின்பது ஆச்சியின் உறுதி. கறுப்பு நகம்? புரோக்கருடைய பெருவிரல், கைநாட்டு வாங்கும் மை ஒட்டி எப்போதும் கறுப்பு. ஆகவே அவர் ஆச்சியிடம் பறித்து மானுக்குக் கொடுக்கிறார். 40 நிமிடம் இருக்கிறது. ஓட்டோவைப் பிடி!

வாசகரும் அப்படியே நினைப்பார், உண்மை முழுக்க அவர் கண் முன்னாலேயே கிடந்தும். யசோவின் கண்ணால் பார்ப்பது என்பதால் அந்தக் கை யசோவினதாகவே இருக்கலாம், டோனர் பிடித்த நகம் கறுப்பாகத்தான் இருக்கும். தட்டச்சு எழுத்து தண்ணீரில் அப்படி ஒழுகாது. மலிவு ரீஃபில் மை ஊற்றிய இன்க்ஜெட் பிரிண்டரில் அடித்தால் ஒழுகும், கறுப்பு மை நீலமாகப் பிரிந்தும் வரும். இதை ஐந்தாம் அத்தியாயத்தில் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையின் செயல்திட்டக் கொப்பி மழையில் நனைந்த பகிடியோடு சேர்த்துச் சொல்லிவிட வேண்டும், அக்கா திரும்ப அடிச்சுத் தாங்கோ என்று அது அழட்டும், அவள் டோனரில் அடித்துக் கொடுத்து இது கரையாது என்று சொல்லட்டும். வாசகர் சிரித்துவிட்டு மறந்துவிடுவார். துப்பைச் சிரிப்புக்குள் ஒளித்துவைப்பதுதான் இந்த வகைக்கே உரிய வசதி.

கள்ள உறுதியைப் பழசாகக் காட்டத் தேயிலைச் சாயத்தில் நனைத்தார் என்று எழுத ஆசை வரும். நல்ல விஷயம்தான், ஆனால் தாளை முதலில் சாயத்தில் நனைத்துக் காயவைத்து, அதற்குப் பிறகு அச்சடிக்க வேண்டும். மறுவளமாக எழுதினால் மை அங்கேயே கரைந்து கதை ஏழாம் அத்தியாயத்தில் முடிந்துவிடும். சான்றையே மானுக்குக் கொடுத்தால் வழக்கு என்னாவது என்று கேட்கும் சட்டம் படித்த வாசகர் ஒருவரும் இருப்பார். அவருக்குப் பதில், யசோ வேலை செய்வது போட்டோக்கொப்பிக் கடையில். பிரதி எப்போதோ எடுத்தாயிற்று.

ஒரு சீ.ஆர். கொப்பி (கெட்டி அட்டை போட்ட பெரிய கொப்பி) வாங்கிப் பக்கத்தை நான்காகப் பிரியுங்கள். என்ன தெரிந்தது, அவள் என்ன நினைத்தாள், உண்மையில் என்ன, எந்த அத்தியாயத்தில் நடக்கிறது. முழு நாவலுக்கும் ஏழெட்டுக் காட்சி போதும். அதற்கு மேல் போனால் எதுவும் மனதில் நிற்காது. ஒவ்வொன்றையும் எண்பது சொல்லுக்குள் முடியுங்கள், நிகழ்காலத்தில் எழுதுங்கள், உணர்ச்சிச் சொல் ஒன்றும் போடாதீர்கள். கண்ணகி தேவந்தியிடம் தன் கனவைச் சொல்லும் இடத்தை ஒருமுறை வாசித்துப் பாருங்கள். ஒரு பெரிய ஊர், யாரோ போட்ட பழி, கோவலனுக்கு ஒரு தீங்கு, அரசன் முன்னால் அவள் பேசியது, அரசனுக்கும் ஊருக்கும் ஒரு தீங்கு, அவ்வளவுதான். ஊரின் பெயர் இல்லை, சிலம்பு இல்லை. கடைசியில் நடந்த நன்மையைச் சொன்னால் சிரிப்பாய் என்று விட்டுவிடுகிறாள். அந்த விட்டுவிட்ட பகுதிக்காகவே நாம் மதுரை வரைக்கும் கூடப் போகிறோம்.

எந்த மாதம், எந்த ஊர்

நான் இந்தக் கதையை 2022 மார்ச் கடைசியிலிருந்து சித்திரைப் புதுவருடம் வரைக்கும் வைப்பேன். அந்த நாட்களில் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் போனது, கடதாசிக்குத் தட்டுப்பாடு, பெற்றோலுக்கு வரிசை. ஒரு திரில்லர் எழுதுகிறவருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? கரண்ட் இல்லையென்றால் மெஷின் ஓடாது, மெஷின் ஓடாவிட்டால் டோனர் இல்லை, டோனர் இல்லாவிட்டால் தும்மல் இல்லை, நாயகிக்குக் கண் கட்டியாயிற்று. மின்வெட்டு நேர அட்டவணை உங்களுக்குச் சும்மா கிடைத்த கடிகாரம். பெற்றோல் இல்லாததால் துரத்தல் பெரும்பாலும் சைக்கிளில். புரோக்கர் வரிசையில் ஆறு மணித்தியாலம் நின்று பிடித்த இடத்தை விட்டுவிட்டு யசோவைத் துரத்துவதா வேண்டாமா என்று தவிக்கும் பக்கம் ஒன்றை நான் எழுதாமல் விடமாட்டேன்.

ஊர் விவரங்களில் வெளியூர்க்காரர் அடிக்கடி வழுக்குகிற இடங்கள் சில. உப்புவெளிக் கடற்கரையில் காதலர்கள் சூரியன் கடலில் மறைவதைப் பார்க்க முடியாது, அங்கே கடலிலிருந்து உதிக்கும். மாலை வெயில் தண்ணீரில் விழ வேண்டுமென்றால் ஆளை உட்துறைமுகப் பக்கம் கூட்டிக்கொண்டு போங்கள். ஐப்பசி தொடங்கி வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில் கடல் குழம்பிவிடும், அப்போது நிலாவெளியிலிருந்து புறாமலைக்குப் படகுத் துரத்தல் வைத்தால் மீன்பிடிக்கிறவர்கள் சிரிப்பார்கள். சித்திரை வாக்கில் என்றால் கடல் அடங்கியிருக்கும், திமிங்கிலம்கூடக் குறுக்கே வரலாம். மான்கள் கோட்டைக்குள் மட்டும் நிற்பதில்லை, நகரத்துக்குள்ளும் வந்து போகும், ஆகவே வேறு இடத்தில் ஒரு மானைக் காட்டி வாசகரைத் திசைதிருப்பலாம். கோட்டைக்குள் படைமுகாம் இருக்கிறது, அங்கே துப்பாக்கிச் சண்டை எல்லாம் நடக்காது, நடந்தால் நாவல் அந்தப் பக்கத்தோடு சரி. கோணேசர் கோயிலில் செருப்பைக் கழற்ற வேண்டும். உச்சி வெயிலில் சுட்ட கல்லில் வெறுங்காலோடு வில்லன் துள்ளித் துள்ளி ஓடுவது இராவணன் வெட்டு என்ற மலைப்பிளவுக்குப் பக்கத்தில் நடக்கட்டும், விழ மட்டும் வைக்காதீர்கள், வகை மாறிவிடும்.

சீனக்குடாவில் பிரித்தானியர் கட்டிய 99 எண்ணெய்த் தாங்கிகள். எல்லாருக்கும் வில்லனை அதற்குள் ஒளிக்கத்தான் ஆசை. நினைத்தவுடன் நுழைகிற இடம் இல்லை அது, அதோடு இந்தக் கதைக்கு அவ்வளவு பெரிய இரும்பும் தேவையில்லை.

இன்னொன்று, இதைப் பகிடியில்லாமல் சொல்கிறேன். திருகோணமலையில் வருங்காலம் தெரிந்த பாத்திரம் ஒன்றை உண்டாக்கினால் 2004 டிசம்பர் 26, அந்தச் சுனாமி நாள், தானாக வந்து நிற்கும். ஊரில் உள்ள வாசகர் முதலில் அதைத்தான் நினைப்பார், போரையும் நினைப்பார். அவளுக்கு அன்றைக்கு ஏன் தெரியவில்லை? ஒரு கலகலப்பான நாவலில் அதற்குச் சாமர்த்தியமான பதில் தேடாதீர்கள். யசோவுக்கு 2022இல் 29 வயது என்றால் அப்போது பதினொரு வயதுச் சிறுமி, மெஷின் பக்கமே போனதில்லை, தும்மலில் காட்சி வரத் தொடங்கியது கடைக்கு வந்த பிறகு. இதை ஒரு வரியில், ஒரே ஒரு இடத்தில், அவள் வாயாலேயே சொல்லவையுங்கள். “அப்ப எனக்கு ஒண்டும் தெரியேல்ல, தெரிஞ்சிருந்தா என்ன செய்திருப்பன் எண்டும் தெரியேல்ல.” பிறகு அந்தப் பக்கம் போக வேண்டாம்.

வில்லன், சிரிப்பு, தடிமன்

வில்லன் கெட்டவராக இருந்தால் போதாது, எதிர்காலத்தில் அவருக்கும் ஒரு பைத்தியம் இருக்க வேண்டும். புரோக்கர் நல்ல நேரம் பார்க்காமல் பல் விளக்கவும் மாட்டார். வாக்கிய பஞ்சாங்கமும் திருக்கணித பஞ்சாங்கமும் புதுவருடம் பிறக்கும் நேரத்தையே வேறு வேறாகத்தான் சொல்லும். அவர் ஒன்றை நம்புகிறார், மனைவி மற்றதை. கள்ள உறுதியைப் பதிவுக்குக் கொண்டுபோகிற நாளில் இரண்டும் முட்டிக்கொண்டால் அவர் வாசற்படியில் நின்று தவிப்பார், அந்தத் தவிப்பில் யசோவுக்கு இருபது நிமிடம் கிடைக்கும். சாத்திரிக்குக் கட்டுக்கட்டாகக் காசு கொடுக்கும் இந்த மனிதருக்கு, உண்மையிலேயே வருங்காலம் பார்க்கிறவள் அவருடைய அடையாள அட்டையை ஒரு சில ரூபாவுக்குக் கொப்பியடித்துக் கொடுக்கிறாள் என்பது கடைசிவரை தெரியக் கூடாது.

கதையின் நடுவில் எழுதுகிறவருக்கே அலுப்புத் தட்டும், அங்கே சக்தியைக் குழப்புங்கள். யசோவுக்குத் தடிமன் பிடிக்கட்டும். நிறுத்தாமல் தும்மல், நிறுத்தாமல் காட்சி, ஒன்றன்மேல் ஒன்று, எது எந்த நேரத்தினது என்றே தெரியாமல். அம்மா மல்லித் தண்ணி அவிக்கிறார், பக்கத்துக் கடை அன்ரி ஒரு தடிமன் குளிசையைக் கொடுக்கிறார், போட்டவுடன் தும்மல் அடியோடு நின்று, தேவைப்படுகிற அந்த மாலையில் ஒன்றுமே தெரியாமல் போகிறது. பிறகு மூக்குப்பொடி தேடி மத்திய வீதி முழுக்க அலைகிறாள். இந்தப் பகுதிதான் நாவலில் அதிகம் சிரிப்பு வர வேண்டிய இடம், இதற்குக் குறைந்தது நான்கு அத்தியாயம் கொடுங்கள்.

பேச்சும் பக்கக் கணக்கும்

கதை சொல்வது எழுத்துத் தமிழில் இருக்கட்டும், ஆட்கள் கதைக்கும்போது ஊர்த் தமிழ். திருகோணமலை ஆச்சி சென்னைத் தொலைக்காட்சித் தொடர் மாதிரிக் கதைத்தால் நாவல் அங்கேயே செத்தது. “என்ன பிள்ளை, திரும்பவும் தும்மலா? உனக்கு ஆரோ கண்ணூறு போட்டுட்டினம்” என்று அவர் சொல்வார். கிண்ணியாவிலிருந்து வரும் ஓட்டோக்காரர் நசீர் காக்கா வேறு மாதிரிக் கதைப்பார், அவருடைய வீட்டில் உம்மா, வாப்பா, ராத்தா என்றுதான் ஆட்கள். நகரத்தில் சிங்களம் கதைப்பவர்களும் எங்கும் இருக்கிறார்கள். தமிழைத் தடுமாறிக் கதைக்கும் பொலிஸ்காரரை வைத்துப் பகிடி பண்ணுவது மலிவான வேலை, அவரை அந்த அத்தியாயத்தில் எல்லாரையும்விடக் கெட்டிக்காரராக எழுதிப் பாருங்கள், தானாகச் சிரிப்பு வரும்.

முதல் நாவலுக்கு 45,000 சொல் நல்ல அளவு. அத்தியாயத்துக்கு 1,500 என்றால் முப்பது அத்தியாயம். முதல் காட்சி முதல் அத்தியாயத்திலேயே வந்து அதற்குள்ளேயே நிறைவேறிவிட வேண்டும், சின்னதாக, ஒரு தேநீர்க் கோப்பை கவிழ்வது அளவில், சட்டம் இதுதான் என்று வாசகருக்கு விளங்க. மான் காட்சி இருபத்திநான்காம் அத்தியாயத்தில். அதற்குப் பிறகு 40 நிமிடக் கதையை ஆறு அத்தியாயத்துக்கு இழுக்கிறீர்கள், அங்கே ஒவ்வொரு அத்தியாயத் தலைப்பிலும் மிச்ச நிமிடத்தைப் போடலாம்.

எழுதி முடித்ததும் கடைசி ஆறு அத்தியாயத்தை எடுத்து ஒளித்துவைத்துவிட்டு மீதியை மூன்று பேரிடம் கொடுங்கள். நன்றாக இருக்கிறதா என்று கேட்காதீர்கள், இனி என்ன நடக்கும் என்று மட்டும் கேளுங்கள். மூவரும் சரியாகச் சொன்னால் துப்புகள் மேலே மிதக்கின்றன என்று அர்த்தம், மழையில் நனைந்த கொப்பிக் கதையை இன்னும் முன்னால் தள்ளுங்கள். மூவரும் பிழையாகச் சொல்லி, முடிவைக் காட்டியதும் பக்கத்தைத் திருப்பித் தேடினார்கள் என்றால் விட்டுவிடலாம். முடிவைப் பார்த்து, இது எங்கே சொன்னீர்கள் என்று கேட்டால்தான் ஆபத்து, அப்போது ஐந்தாம் அத்தியாயத்தைத் திரும்ப எழுத வேண்டும்.

அச்சுக்கு இங்கே பெரும்பாலும் சொந்தச் செலவுதான். ஐ.எஸ்.பி.என். (நூலுக்கான சர்வதேச அடையாள) இலக்கத்துக்குக் கொழும்பில் இருக்கும் தேசிய நூலகம் மற்றும் ஆவணவாக்கல் சேவைகள் சபைக்கு விண்ணப்பிக்க வேண்டும், அட்டை வடிவமைக்கும் முன்னமே போடுங்கள், பார்கோட்டுக்கு இடம் விட வசதி. யூனிகோடில் தட்டியதைச் சில அச்சகங்கள் பாமினி எழுத்துருவுக்கு மாற்றித்தான் பக்கம் கட்டுவார்கள், மாற்றும்போது எழுத்துகள் இடம் மாறிச் சண்டை பிடிக்கும். ஆகவே கடைசிப் படியைக் கணினியில் பார்க்காமல் கடதாசியில் எடுத்து, காட்சி வரும் ஏழெட்டுப் பக்கத்தையும் சீ.ஆர். கொப்பியோடு வரிக்கு வரி ஒப்பிட்டு வாசியுங்கள். மற்றப் பக்கத்தில் எழுத்துப்பிழை இருந்தால் வாசகர் மன்னிப்பார், அந்தப் பக்கங்களில் ‘நீலமாக’ என்பது விடுபட்டால் புரோக்கர் தப்பித்துவிடுவார்.